யாழ்ப்பாணத்துக்குக் கப்பலா, விமானமா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

அப்பாவுக்கு 74 வயது. அவருடைய அக்கா, எங்கள் அத்தை, 1970-ல் கல்யாணமாகி யாழ்ப்பாணம் சுன்னாகத்துக்குப் போனவர். கடலூரிலிருந்து ரயிலில் கூடப் போய், இராமேஸ்வரத்தில் கப்பலில் அத்தையை ஏற்றிவிட்டு வந்தது அப்பாதான். அப்போது அவருக்கு 19. அதற்கப்புறம் இரண்டு முறை அத்தை வந்து போயிருக்கிறார். 1983-க்குப் பிறகு வரவே முடியவில்லை. சண்டை ஓய்ந்தபோது அத்தையின் முழங்கால் ஓய்ந்துவிட்டது. 2025 பொங்கலுக்குப் போனில் பேசிவிட்டு அப்பா சொன்னார்: "ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு வந்துடணும்மா. நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல் விடறாங்களாமே, அதுலயே போயிடலாம்."

எனக்கு வேலை புதுச்சேரியில், வீடு கடலூர் முதுநகரில். இந்த இரண்டு ஊரிலிருந்தும் யாழ்ப்பாணம் போக என்னென்ன வழி உண்டு என்று மூன்று வாரம் விசாரித்தேன். கடைசியில் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று இரண்டையும் பார்த்துவிட்டோம். அக்கம்பக்கத்தில் இன்றைக்கும் யாராவது வந்து கேட்கிறார்கள். ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்ல முடியவில்லை. அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

வழிகள் நான்கு. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பக்கத் துறைமுகமான காங்கேசன்துறைக்கு அதிவேகப் பயணிகள் கப்பல். சென்னையிலிருந்து பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாணம் விமான நிலையத்துக்கு, நேர் விமானம். திருச்சியிலிருந்து அதே பலாலிக்கு விமானம். நான்காவது, கொழும்புக்குப் பறந்து அங்கிருந்து ரயிலில் வடக்கே ஏறுவது.

இங்கிருந்தே ஏன் கப்பல் இல்லை?

முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். கடலூரில் துறைமுகம் இருக்கிறது, புதுச்சேரியில் இருக்கிறது, பின்னே எதற்கு நாகப்பட்டினம் வரை போக வேண்டும்? வரைபடத்தை விரித்துப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சுமார் 110 கிலோமீட்டர், கடல் கணக்கில் 60 மைல். கடலூரிலிருந்து நேர்கோடு போட்டால் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. புதுச்சேரி இன்னும் கொஞ்சம் கூடுதல்.

இரண்டு மடங்கு தூரம் என்றால் இரண்டு மடங்கு நேரம் என்று மட்டும் நினைத்தால் போதாது. நாகப்பட்டினத்துக் கப்பல் நான்கு மணி நேரத்துக்குள் அந்தப் பக்கம் போய், ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒரே கப்பல், ஒரே மாலுமிக் குழு, ஒரே பகலில் இரண்டு நடை. கடலூரிலிருந்து விட்டால் ஒரு நாளைக்கு ஒரு நடைதான் தேறும். சரி, வேகத்தைக் கூட்டலாமே என்றால் அங்கேதான் டீசல் கணக்கு இடிக்கும். கப்பலின் வேகம் ஏற ஏற, தேவைப்படும் எஞ்சின் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தை 30 ஆக்கினால் பயண நேரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். எஞ்சின் சக்தியோ மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். அந்தச் செலவு டிக்கெட்டில்தான் வந்து விழும். எந்த நிறுவனம் நடத்தினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. 2023 தொடக்கத்தில் இந்தச் சேவையைக் காரைக்காலிலிருந்து விடுவதாகத்தான் பேச்சு நடந்தது. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது என்பதால் இங்கே அதைப் பற்றி ஆர்வமாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் நாகப்பட்டினம் முந்திக்கொண்டது. இரண்டு ஊருக்கும் நடுவே 20 கிலோமீட்டர்தான் என்பதால் பயணிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

கப்பலின் ஜாதகம்

முடிவெடுக்கும் முன்னால் இந்தக் கடல்வழியின் பழைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914-லிருந்து நீராவிக் கப்பல் ஓடியது. சென்னையில் ரயில் டிக்கெட் எடுத்தால் நடுவில் கப்பல் ஏறி, மறுபடி ரயில் ஏறி, கொழும்பில் போய் இறங்கலாம். போட் மெயில் என்ற பெயர் இன்னும் நம் வாயில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றுவிட்ட பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. அத்தை போனது அதில்தான். எண்பதுகளில் இனப்போர் வந்ததும் அதுவும் நின்றுபோனது.

அதற்கப்புறம் 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் விட்டார்கள். ஆள் சேரவில்லை. ஆறு மாதம்கூட நிற்கவில்லை. அதே தூத்துக்குடி–கொழும்பு வழியில் 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வெள்ளைக்காரக் கம்பெனி எப்படிக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து நசுக்கியது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 2011-ல் எதிராளி வேறொரு கப்பல் இல்லை, விமானம். ஒரு மணி நேரச் சொச்சத்தில் பறந்துவிடக்கூடிய தூரத்தை இரவு முழுக்கக் கடந்து போக எத்தனை பேர் வருவார்கள்? நாகப்பட்டினம் வழி பிழைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் அதன் தூரம் குறைவு என்பதுதான்.

2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற 150 இருக்கைக் கப்பலோடு நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை தொடங்கியது. லட்சத்தீவில் தீவுக்குத் தீவு ஓடுவதற்காகக் கட்டிய கப்பல் அது. வரியோடு சேர்த்து ஒருவழிக்கு 7,670 ரூபாய் கட்டணம். ஒரே வாரம். அக்டோபர் 20-ஆம் தேதியோடு பருவமழையைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று ஒரு தனியார் நிறுவனம் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. கட்டணமும் இறங்கியது. நவம்பரில் மழைக்காக நின்றது. 2025 பிப்ரவரி 22 அன்று திரும்ப வந்தபோது போய்வரக் கட்டணம் 8,500 ரூபாய். வாரத்தில் செவ்வாய் தவிர மற்ற நாளெல்லாம் பயணம் என்றார்கள். 2023-ல் ஒரு பக்கம் போகக் கேட்ட தொகைக்கு இன்னும் ஆயிரம் ரூபாய்கூடச் சேர்க்காமல் போய்த் திரும்பி வந்துவிடலாம் என்ற நிலை.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கப்பல் நிற்கிறது. இதில் நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதிவேகக் கப்பல் என்றால் எடை குறைந்த கப்பல். வேகத்துக்காகத்தான் எடையைக் குறைத்துக் கட்டுகிறார்கள். சரக்குக் கப்பல் மாதிரி அலையை நசுக்கிக்கொண்டு அதனால் போக முடியாது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு இந்த மாதிரிக் கப்பல்களுக்கென்றே 1994-லும் 2000-லும் தனி விதித்தொகுப்புகள் கொண்டுவந்தது. அவற்றின்படி, ஒரு கப்பல் எவ்வளவு உயர அலை வரை, எவ்வளவு காற்று வரை ஓடலாம் என்பதை அதன் இயக்க அனுமதியிலேயே எழுதிவிடுவார்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு, ஒதுங்க இடம் உள்ள துறையிலிருந்து நான்கு மணி நேர ஓட்டத்துக்கு மேல் விலகிப் போகவும் கூடாது. அன்றைய கடல் அந்த வரம்பைத் தாண்டினால் கேப்டன் நினைத்தாலும் கயிற்றை அவிழ்க்க முடியாது.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால் நம் தெருவில் யாரும் கடலுக்குப் போவதில்லை. 2011-ல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' புயல் என்று இரண்டையும் பார்த்தவர்கள் நாம். மழைக்காலத்தில் கப்பல் டிக்கெட்டை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த மாதம் நல்லது என்று எங்கள் தெருவில் விசைப்படகு வைத்திருக்கும் பெரியப்பாவைக் கேட்டேன். "மாசி, பங்குனில குளம் மாதிரி கெடக்கும். ஆனி, ஆடில காத்து எடுக்கும், ஆனா காலைல கெளம்பினா பொறுத்துக்கலாம். ஐப்பசிக்கு அப்புறம் வாடை வந்துட்டா அந்தப் பேச்சையே விட்டுடு" என்றார். வேறு யாரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லவில்லை.

நாங்கள் போன கப்பல்

ஏப்ரல் முதல் வாரம் போனோம். அப்பாவும் நானும். கப்பல் காலை ஏழரைக்கு. அதற்குப் பல மணி நேரம் முன்னால் துறைமுகத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், சுங்கம், குடியேற்றச் சோதனை எல்லாம் விமான நிலையம் மாதிரியேதான். கடலூரிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 130 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து 150-க்கு மேல். அன்று அதிகாலை கிளம்பி எட்டிப் பிடிப்பது வயதானவரை வைத்துக்கொண்டு சரிப்படாது. முந்தின நாள் மாலையே போய் அறை எடுத்துத் தங்கினோம். இந்த ஓர் இரவுச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நாகூர், வேளாங்கண்ணி என்று ஏதாவது வேண்டுதல் பாக்கி இருந்தால் இதோடு முடித்துக்கொள்ளலாம். எங்கள் அப்பா நாகூர் போய் ஓதிவிட்டு வந்தார்.

டிக்கெட் எடுக்கும் முன்னால் ஒரு முகவர் எங்களிடம், "கப்பலுக்கு விசா எதுவும் வேண்டாம், அங்கே இறங்கினதும் குத்திடுவாங்க" என்றார். அதை நம்பியிருந்தால் சிக்கலாகியிருக்கும். இலங்கைக்கு இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி வாங்குவதுதான் முறை. ஈ.டி.ஏ. என்பார்கள். கட்டணம் உண்டு, இல்லை என்று அந்த விதி அடிக்கடி மாறுகிறது. அதனால் முகவர் சொல்வதை விட்டுவிட்டு, இலங்கை அரசின் தளத்தை நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள். கப்பலுக்கும் விமானத்துக்கும் இதில் வேறுபாடு இல்லை.

சுமை விஷயத்தில்தான் கப்பல் மனதைத் தொட்டது. அத்தைக்கு என்று அம்மா கட்டிக் கொடுத்தது கொஞ்சமா? பட்டுப்புடவை இரண்டு, வடாம், வற்றல், நெய்வேலிப் பக்கத்து முந்திரிப் பருப்பு நான்கு கிலோ, பூஜைக்கு வெண்கல விளக்கு ஒரு ஜோடி. கப்பலில் இலவச எடை இவ்வளவு என்று வரம்பு உண்டு, அதற்கு மேல் போனால் காசு. ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் மனம் அடித்துக்கொள்ளும் நிலை இல்லை. யாழ்ப்பாணம் போகிற சின்ன விமானத்தில் அந்தத் தாராளம் கிடைக்காது. எங்களோடு ஏறியவர்களில் பாதிப் பேர் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள், மீதிப் பேரில் வியாபாரத்துக்குப் போய்வருகிறவர்கள் நிறைய. கப்பலை உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

பயணம் எப்படி இருந்தது? துறைமுகத்து முகத்துவாரம் தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மணி நேரம் லேசான தாலாட்டு. கண்ணாடி அடைத்த குளிரூட்டிய கூடம், பேருந்து இருக்கை மாதிரி இருக்கைகள். காற்று வாங்கிக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்கும் பழைய கப்பல் என்று நினைத்து வந்த அப்பாவுக்கு முதலில் ஏமாற்றம்தான். கப்பலின் நடுவிலும் பின்பக்கமும் ஆட்டம் குறைவு, முன்பக்கம் அதிகம். முடிந்தால் நடுவில் உட்காருங்கள். பேருந்தில் வாந்தி எடுப்பவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவோமின் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். வயதானவர்கள், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு அம்மா பூரி கிழங்கு சாப்பிட்டுவிட்டு ஏறி, பாவம், மூன்று மணி நேரமும் தலை நிமிரவில்லை.

காலைக் கடல் வேறு, பிற்பகல் கடல் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும். அதனால் மதியத்துக்கு மேல் காங்கேசன்துறையிலிருந்து திரும்பும் பயணம் பெரும்பாலும் அதிகமாக ஆடும். அப்பாவைத் திரும்பும்போது கப்பலில் ஏற்றாததற்கு இது ஒரு காரணம்.

பதினொன்றரை வாக்கில் முதலில் கலங்கரை விளக்கமும் பழைய சிமெந்து ஆலையும் தெரிந்தன. அப்பா எழுந்து நின்றுவிட்டார். "இவ்வளவுதானா தூரம்?" என்றார். காங்கேசன்துறையிலிருந்து சுன்னாகம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. மாவிட்டபுரம் கோயில் கோபுரம் தாண்டி, பனைமரங்களுக்கு நடுவே ஓர் ஆட்டோவில் கால் மணி நேரம். அத்தை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாடா தம்பி, மெலிஞ்சு போனாய்" என்றார். 42 வருடத்துக்குப் பிறகு சந்தித்த இருவருக்கும் முதல் பத்து நிமிடம் வேறு பேச்சு வரவில்லை.

திரும்பி வந்த விமானம்

பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமானது. ஓடுபாதை சிறியது, அதனால் ஏ.டி.ஆர். என்கிற விசிறி வைத்த சின்ன விமானங்கள்தான் வரும். அலையன்ஸ் ஏர் 2019 நவம்பரில் சென்னையிலிருந்து தொடங்கியது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னை வழியிலும், 2025 மார்ச் 30-ல் திருச்சி வழியிலும் இறங்கியது.

நாங்கள் திரும்பியது திருச்சி வழியில். சுமார் ஒரு மணி நேரம்தான். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டேன். உடனே கிடைத்தது, விமானத்தின் படி வரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கப்பலில் பலகை வழியாக ஏறி இறங்கும்போது அப்பாவை நான் ஒரு கையிலும் மாலுமி ஒருவர் ஒரு கையிலும் பிடித்துக்கொண்டோம். அவர் மிகவும் அன்பாக நடந்துகொண்டார். ஆனாலும் முட்டி வலிக்காரருக்கு விமானம்தான் எளிது.

கட்டணம்? முன்கூட்டிப் பதிவு செய்தால் கப்பலுக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. நாள் நெருங்க நெருங்க விமானம் எகிறும், கப்பல் அப்படி எகிறாது. நான்கு பேர், ஐந்து பேர் எனக் குடும்பமாகத் திடீரென்று கிளம்புகிறவர்களுக்குக் கப்பல் லாபம். ஒருவர், இருவர் இரண்டு மாதம் முன்பே திட்டம் போட்டால் அறைச் செலவு மிச்சமாகும் விமானமும் ஏறக்குறைய அதே செலவில் முடியும்.

எந்த விமான நிலையம் என்பது நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் மனதில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்: தென்பெண்ணை ஆறு. ஆற்றுக்கு வடக்கே, புதுச்சேரி, வில்லியனூர், திண்டிவனம் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னை விமான நிலையம் மூன்று மணி நேரப் பாதை. அவர்கள் நாகப்பட்டினம் போவதற்கும் அதே நேரம் ஆகும், கூடவே ஒரு இரவுத் தங்கல். சுமை இல்லாவிட்டால் அவர்கள் சென்னை விமானத்தையே பார்க்கலாம். ஆற்றுக்குத் தெற்கே, சிதம்பரம், பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கம் போகப் போகக் கப்பல் கிட்டே வருகிறது. விருத்தாசலம், திட்டக்குடிக்காரர்களுக்குத் திருச்சியைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். கடலூர் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றுமே ஏறக்குறைய ஒரே அலைச்சல். அதனால் எங்களுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லாமல் போய், பருவமும் சுமையும்தான் முடிவு செய்தன.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அங்கிருந்து இலங்கைக்கு விமானம் இல்லை. உள்நாட்டுச் சேவை மட்டும்தான்.

கொழும்பு வழி

யாழ்ப்பாணம் மட்டும் போகிறவர்களுக்கு இது சுற்றுவழி. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானங்கள் நிறைய, ஆண்டு முழுக்கப் பறக்கும், ஒன்று ரத்தானால் இன்னொன்று கிடைக்கும். ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, நகருக்குள் வந்து, ரயில் பிடித்து 400 கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். ரயிலுக்கே ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கண்டி, நுவரெலியா, கதிர்காமம் எல்லாம் பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இதை எடுங்கள். அப்படிப் போகிறவர்கள் யாழ்தேவி ரயிலில் ஏறிப் பாருங்கள். போரில் பிடுங்கப்பட்ட தண்டவாளத்தை மறுபடி போட்டு 2014-ல் யாழ்ப்பாணம் வரையும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரையும் ரயில் விட்டார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்

நம் மாவட்டத்திலும் புதுச்சேரி எல்லையில் கீழ்ப்புத்துப்பட்டிலும் இலங்கைத் தமிழர் முகாம்களில் முப்பது வருடத்துக்கு மேலாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலர் ஊர் திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு தங்கை அப்படிக் கேட்டாள். அவர்கள் பயணம் நம்முடையது போன்றது இல்லை. ஒரு வீட்டுச் சாமானையே கட்டிக்கொண்டு ஒருவழியாகப் போகிறார்கள். தையல் இயந்திரம், பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் என்று வரும்போது கப்பல்தான் அவர்களுக்கு நியாயமான வழி. ஆனால் டிக்கெட்டுக்கு முன்னால் காகிதம் முடிய வேண்டும்: சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம், நம் அரசிடம் வெளியேறும் அனுமதி. இரண்டும் கையில் வராமல் எந்தக் கப்பலிலும் விமானத்திலும் ஏறக்கூடாது. யாராவது "பார்த்துக்கலாம்" என்று சொன்னால் அவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். இந்தக் குடும்பங்களுக்கென்று கப்பலில் கூடுதல் எடை இலவசமாக அனுமதித்து, அரசு அந்தச் செலவை ஏற்றுக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா 6 கோடியே 15 லட்சம் டாலர் மானியம் தர முன்வந்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது கைப்பிடி அரிசி.

அப்படியானால் நான் எதைச் சொல்வேன்? மாசியிலிருந்து ஆவணி வரை, கையில் சுமை இருந்து, முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் பாதகமில்லை என்றால் கப்பல். நல்லூர்த் திருவிழா இந்தக் காலத்துக்குள்தான் வரும். 25 நாள் நடப்பதால் ஒரு நாள் கப்பல் நின்றாலும் தேர் தப்பாமல் பார்க்கும்படி திட்டமிட முடியும். கல்யாணம், கருமாதி, நேர்காணல் என்று நாள் மாறாத காரியமாக இருந்தால் எந்த மாதமானாலும் விமானம். கப்பலில் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டையும் கப்பலிலேயே எடுத்திருந்தால், திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் திரும்பாதீர்கள். திங்களும் கடல் சரியில்லை, செவ்வாய் சேவையே இல்லை என்றால் புதன் வரை மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படி மூன்று நாள் சம்பளம் இழந்தார்.

இப்போது அத்தையின் பேத்திக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஆறு பேர் போகிறோம். தாய்மாமன் வீட்டுச் சீர் என்று அப்பா கொடுக்க நினைப்பதை எந்த விமானத்திலும் ஏற்ற முடியாது. தையிலோ கப்பலை நம்ப முடியாது. நேற்று ராத்திரி அப்பா அத்தைக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். சீரை ஆவணியிலேயே கப்பலில் கொண்டுவந்து வைத்துவிடட்டுமா, ஆட்கள் மட்டும் தையில் விமானத்தில் வரட்டுமா என்று. அத்தை சரி என்றிருக்கிறார். ஆவணிப் பயணத்துக்குத் துணைக்கு நான் வேண்டாமாம், அப்பா தனியாகவே போய்வருவாராம். நடு இருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்துவிடு என்று மட்டும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.